அடாப்டர் மேல் போட்ட ஈரத்துணி

சூடேறிய பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. முதலில் செருப்புக் கடைக்குள் நுழைந்ததுபோல லேசாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேளச்சேரியில் என் வீட்டில் யாராவது செல்போன் சார்ஜரை நெடுநேரம் விட்டுவைத்து அந்த வாசனை கிளம்பிவிட்டால், அடுப்பில் என்ன கொதித்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். என் மகள் நிலாவுக்கு இது ஒரு வேடிக்கை. "ஃபயர் சர்வீஸ் அம்மா வந்துட்டாங்க" என்பாள். சிரிக்கட்டும், அவளுக்கென்ன!

இந்த நடுக்கம் தொடங்கியது ஒரு கோடை விடுமுறையில். அப்போது நாங்கள் மந்தைவெளியில், மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஓர் அறையும் அடுக்களையுமாக இருந்த வீட்டில் குடியிருந்தோம். அப்பாவை நானும் அண்ணன் குமாரும் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். அவர் தி.நகரில் ஒரு பெரிய வீட்டில் கார் டிரைவர். அந்த வீட்டுப் பையன் ஆடி அலுத்துப்போன வீடியோ கேம் பெட்டியை, ஒரு மஞ்சள் கேசட்டோடும், வாய் பிளந்து டேப் சுற்றியிருந்த கறுப்பு அடாப்டரோடும், கார் துடைக்கிற துணியில் பொதிந்து அவர்தான் கொண்டுவந்தார். கொண்டுவந்த கையோடு பயமுறுத்தவும் தொடங்கினார்.

"இத்த ரொம்ப நேரம் ஆடுனா டிவில பிச்சர் டூப்பு பூடும். அப்பறம் ஆளுக்கொரு சொவத்த பாத்துகினு கெடக்க வேண்டிதான்."

"பிச்சர் டூப்பு" என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அது போய்விடும் என்று மட்டும் தெரியும். அந்தத் தெருவில் வீடியோ கேம் வைத்திருந்த எல்லா வீட்டிலும் இந்தப் பயம் இருந்தது. அதற்கு நாங்களாகக் கண்டுபிடித்த பரிகாரம், ஆட்டத்தின் நடுவே சாப்பிடவோ கடைக்கோ போனால் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை அணைக்காமல் "பாஸ்" போட்டு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைப்பது. ஏனென்றால் அந்தக் காலத்து ஆட்டத்தைச் சேமித்துவைக்க வழி கிடையாது. குகை குகையாகத் தாண்டிப் போகிற அந்தக் குட்டிச் சிப்பாய், கரண்ட் போனாலும் சரி, யார் காலாவது வயரில் தடுக்கினாலும் சரி, முதல் குகை வாசலில்தான் மறுபடி நிற்பான். மின்விசிறியின் சத்தம் ஒரு நொடி தளர்ந்தாலே என் கண் பெட்டியின் சிவப்பு விளக்குக்குப் போய்விடும். ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்த நைனா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசை விசிறியை மாட்டினார். அண்ணன் தரையில் விழுந்து அழுதான், "புடுங்குனா எல்லாம் பூடும் நைனா, எல்லாமே பூடும்!" என்று. அதற்குப் பிறகு நைனா அந்தப் பிளக்கின் பக்கம் போனதில்லை.

கடைசிக் குகையை நாங்கள் பார்த்ததே இல்லை. அன்று மதியம் அண்ணன் அதன் வாசலுக்கே போய்விட்டான். பாட்டு மாறியது, திரை சிவந்தது. அந்த நேரம் பார்த்தா கீழே தண்ணீர் லாரி வரவேண்டும்! "லாரி வந்துட்சி! கொடத்த எட்துகினு வாங்க ரெண்டு பேரும்!" என்று அம்மா தெருவிலிருந்து கத்தினாள். கோடையில் லாரியைத் தவறவிட்டால் மறுநாள் வரை குடிக்கத் தண்ணீர் இல்லை. அண்ணன் பாஸ் போட்டான், டிவியை அணைத்தான், பெட்டியின் சிவப்பு விளக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குடங்களோடு ஓடினோம்.

நாங்கள் வரிசையில் முட்டிமோதிக்கொண்டிருந்தபோது நைனா சாப்பிட வந்திருக்கிறார். அறையில் அந்த வாசனை. தொட்டுப் பார்த்தால் அடாப்டர் கொதிக்கிறது. பிடுங்கியிருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கார்கள் மே மாத வெயிலில் சூடேறி நடுரோட்டில் நின்றுவிடும். அப்போது டிரைவர்கள் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். நைனா வாழ்நாள் முழுக்கச் செய்த வைத்தியம் அது. தோளில் கிடந்த துண்டைப் பானைத் தண்ணீரில் நனைத்து அடாப்டரின் மேல் போட்டிருக்கிறார்.

குடத்தோடு நாங்கள் மூன்று பேரும் வாசற்படி ஏறியபோது அவர் சுவரோரம் குந்தியிருந்தார். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பேச வருகிறவர்போல வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை, உடம்பு மட்டும் உதறிக்கொண்டிருந்தது. வலது கை அந்தத் துணியோடு ஒட்டியிருந்தது. அண்ணன் குடத்தைப் போட்டுவிட்டு, தண்ணீர் சொட்டும் கையோடு அவரைப் பிடிக்கப் பாய்ந்தான்.

"தொடாதடா! ஈரக்கை! தொடாத!"

அம்மா அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, கொடியில் துணி மாட்டுகிற மூங்கில் கோலை எடுத்து அவர் கையை ஓங்கி அடித்தாள். கை விடுபட்டு நைனா பக்கவாட்டில் சரிந்தார். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. நான் நின்ற இடத்திலேயே நனைந்துவிட்டேன், குடத்துத் தண்ணீரால் அல்ல. நைனா செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு இன்றுகூட முழுதாக என்னை விட்டுப் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாயங்காலமே கட்டுப் போட்ட கையோடு திரும்பிவந்தார் நைனா. பாயில் உட்கார்ந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு முதலில் கேட்டது, "டேய், ஆட்டம் பூட்ச்சா?"

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

"புடுங்குனா பூடும்னியே. அதான் துணி போட்டேன்" என்றார் நைனா.

அம்மா அந்தப் பெட்டியை அன்றே எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. நைனாவின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை, அந்தக் கையோடுதான் ஓய்வு பெறும்வரை கார் ஓட்டினார். அண்ணன் மறுபடி எந்த விளையாட்டையும் தொடவில்லை.

இப்போது என் அலுவலகத்தில் என் வயதுக்காரர்கள் இந்தப் பழைய விளையாட்டுகளை "ரெட்ரோ" என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். பழைய பெட்டிகளை வாங்கி ஷோகேஸில் வைக்கிறார்கள், கேசட்டை ஊதி ஊதிப் போட்டதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அசோக் நகரில் இருக்கிற என் அண்ணனோ அந்த ஆட்டத்தின் பாட்டு எங்காவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான். நிலாவுக்கு அது "க்யூட்". அதே ஆட்டத்தை செல்போனில் இறக்கியிருக்கிறாள். சிப்பாய் செத்தால் ஒரு பொத்தானை அழுத்துகிறாள், சாவதற்கு முந்தின நொடிக்கே அவன் திரும்பிவிடுகிறான். எல்லாம் போய்விடும் என்ற எங்கள் பயம் அதில் எந்த மூலையிலும் இல்லை. அது ஒழிந்தது நல்லதுதான், ஆனால் அவள் அலட்சியமாக அந்தப் பொத்தானை அழுத்தும்போது எனக்கு வயிறு எரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கடைசிக் குகையை முடித்தாள். "தாத்தா, வந்து பாரு!" என்று கத்தினாள். எங்களோடு இருக்கும் நைனா, தட்டைக் கழுவிவிட்டு வந்தவர், பாதியில் நின்று, லுங்கியில் கையை முன்னும் பின்னுமாகத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் போனைப் பார்க்கக் குனிந்தார். ஒரு கதவு, ஒரு விளக்கு, சிப்பாய் கையை ஆட்டுகிறான். அவ்வளவுதான்.

"நிறுத்திடாதம்மா. அப்டியே வெய்யி. உன் மாமன் பாக்கணும்" என்றார்.

"அது எங்கயும் போகாது தாத்தா, சேவ் ஆயிடுச்சு" என்று நிலா எத்தனையோ சொன்னாள். யார் நம்பினார்கள்? அண்ணனுக்கு போன் செய்தேன். சார்ஜர் சூடாக இருந்ததால் பயத்தில் அதைக் கழற்றிவிட்டேன், கழற்றியதும் சார்ஜ் தீர்ந்து படம் போய்விடுமோ என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. நைனா போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதைத் தொடாமல் காவல் இருந்தார்.

அண்ணன் வந்தான். பாட்டுச் சத்தம் வாசல்வரை கேட்டது. அவன் படியிலேயே நின்றுவிட்டான், திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். திரையைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்தான்.

"நைனா, கை ஈரமா கீதா?"

நைனா இரண்டு கைகளையும் விரித்து, மடங்காத விரல்களோடு, திருப்பித் திருப்பிக் காட்டினார். அதன் பிறகுதான் அண்ணன் செருப்பைக் கழற்றினான்.