பத்து மணிக்கு மக்கு, பதினோரு மணிக்கு மேதை

எங்கள் பள்ளி மாவட்டத்தில் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கும் படிப்பு மிஞ்சிப்போன பிள்ளைகளுக்கும் ஒரே அலுவலகம், ஒரே மேசை. பென்சில்வேனியாவின் சின்ன ஊர், வேறெப்படி இருக்கும்? அந்த மேசையில் கூட்டக் குறிப்பு எழுதுகிற குமாஸ்தா நான்.

லோர்னா பெட்ரோஸ்கி வாசிப்பு டீச்சர். எழுத்துக்கள் குழம்பிப்போகிற பிள்ளைகளை மணல் தட்டில் விரலால் எழுதவைத்துப் படிக்கப் பழக்குவாள். அவள் ஸ்வெட்டரில் எப்போதும் பூனை முடி ஒட்டியிருக்கும். ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு வேலை. கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பாள், கார் நிறுத்துமிடத்தில் வைத்து.

எங்கள் இயக்குநர் டாக்டர் பிராண்ட்வோல்ட் போட்ட விதிகள் அப்படி. பிள்ளை கொஞ்சம் தேறினால் உதவி நின்றுவிடும். நின்றதும் பிள்ளை சறுக்கும். நன்றாக அடிபட்டபின் மறுபடி வரிசையில் நிற்கலாம். மேதைகள் வகுப்பிலோ, குறை என்று வாயெடுத்தாலே கதவைச் சாத்திவிடுவார். இந்த விதிகளை யோசித்துப் போட்ட மனிதரை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெய்சி ஹ்ரூபிக் ஐந்தாம் வகுப்பு. பின்னக் கணக்கை மனதுக்குள்ளேயே போட்டுவிடுவாள். ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் வேர்த்து வழியும். அவளுக்கு லோர்னாவின் மணல் தட்டும் வேண்டும், மேதைகளின் கணக்கு வகுப்பும் வேண்டும். அவள் அம்மா கிறிஸ்டல் டயர் கடையில் வேலை பார்க்கிறவள். கூட்டத்தன்று பத்து மணிக்கு அவளுடைய வாசிப்பு உதவி பற்றிப் பேச்சு, பதினோரு மணிக்கு மேதைகள் வகுப்பு பற்றி. காலையில் நான் டோனட் பெட்டியோடு வந்தபோது, கிறிஸ்டலின் கார் ஜன்னலில் சாய்ந்து லோர்னா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"பத்து மணிக்கு, பிள்ளைகிட்ட என்ன நல்லது இருக்குன்னு கேப்பாங்க. பொங்கிடாதீங்க. பூனைன்னா உசிருன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கங்க."

"பதினோரு மணிக்கு?"

"அப்ப அவிழ்த்து விடுங்க. படிப்பு வராதுன்னு மட்டும் மூச்சு விடக்கூடாது."

"அதே ஆளுங்கதானே உக்காந்திருப்பாங்க?"

"அதே ஆளுங்க, அதே டோனட்டு. ஃபைல் மட்டும் மாறும்," என்றாள் லோர்னா. "இவ ஒரு பக்கம் படிச்சுட்டாள்னு தெரிஞ்சாக்கூட டாக்டர் உதவியை நிறுத்திடுவாரு, கிறிஸ்டல். இவளுக்கு இன்னும் ஒரு வருஷமாவது நான் வேணும்."

பின் சீட்டில் மெய்சி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பிலிருந்து பிள்ளையையும் கூட்டத்தில் உட்காரவைப்பது எங்கள் வழக்கம். பத்து மணிக்கு, "பூனைன்னா உசிரு," என்றாள் கிறிஸ்டல். பெருமையைத் தொண்டையிலேயே நிறுத்தியதில் முகம் சிவந்துவிட்டது.

பிராண்ட்வோல்ட் டோனட்டை மென்றபடி, "ரெண்டு வருஷமா உன்கிட்டதானே இருக்கா, லோர்னா? இன்னுமா வரலை?" என்று ஒரு தாளை மெய்சி முன்னால் நகர்த்தினார். "எங்க, இதைப் படிச்சுக் காட்டும்மா."

மெய்சி குனிந்தாள். அவள் கண்கள் வரி வரியாக இறங்கின. விரல் வைக்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. பக்கத்தின் கடைசியில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. லோர்னா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரெண்டு வருஷமாக லோர்னா காத்திருந்தது இதற்குத்தான்.

மெய்சி நிமிர்ந்து லோர்னாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "வரலை சார்," என்றாள்.

"சரி, உதவி தொடரட்டும்."

முன்னேற்றம் இல்லை என்று குறிப்பில் எழுதினேன். லோர்னா குனிந்து ஸ்வெட்டரில் இருந்த பூனை முடியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

பதினோரு மணிக்குக் கிறிஸ்டல் கொட்டித் தீர்த்தாள். அதே பிராண்ட்வோல்ட், அந்தப் பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர்போல வாயைப் பிளந்து கேட்டார். கணக்கு வகுப்பில் இடம் கிடைத்தது.

வராந்தாவுக்கு வந்ததும் லோர்னா மெய்சி முன் மண்டியிட்டாள். "அந்தத் தாள்ல என்னடி இருந்துச்சு?"

"ஒரு நாய் டிக்கெட் வாங்காம பஸ்ல ஏறிடுச்சு, மிஸ். டிரைவர் டிக்கெட் கேட்டா, பக்கத்து சீட்டுக்காரரைப் பாத்துக் குரைக்குது!"

லோர்னா சிரித்தாள், அழுதாள், அவளைக் கட்டிக்கொண்டாள். மெய்சி அவள் காதருகில் கேட்டாள்: "இனிமே வீட்டுல மட்டும் படிக்கலாம்ல, மிஸ்?"

ஊரிலுள்ள பெற்றோருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்த லோர்னா, குனிந்து அந்தப் பிள்ளையின் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டாள்.