நான் ஒதுக்கிய ஐந்து துண்டுகள்

போர் முடிந்து சில வருடங்களின் பின், கற்பிட்டியில் பைபர் படகு செய்யும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணாடி நாரை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே ரெசின் என்ற இறுகும் பசையைப் பூசி அங்கே படகு செய்வார்கள். ஒவ்வொரு படகின் தட்டிலிருந்தும் சிறு துண்டுகள் வெட்டி, அவை எவ்வளவு அமுக்கம் தாங்குகின்றன என்று மெசினில் அளப்பது என் வேலை. இழுத்துப் பார்த்தால் நார் தாங்கிவிடும், அமுக்கினால்தான் ரெசினின் குட்டு வெளிப்படும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதை விளக்குவதில் எனக்குத் தனிப் பெருமை.

ஒருநாள் பக்கத்து உச்சமுனைத் தீவுக்காரர் ஒருவரின் படகுக்குப் பத்துத் துண்டுகள் அளந்தேன். ஐந்து நன்றாகத் தாங்கின. மற்ற ஐந்தும் பாதிச் சுமையிலேயே நொறுங்கின. துண்டு சற்றுச் சரிந்து நின்றாலும் அப்படி முறியும், அந்த அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் ஐந்துமே சரிந்துதான் நின்றனவா என்று நான் பார்க்கவில்லை. படகுக்காரர் வேறு மூன்று நாளாக வாசலில் நின்றார். நல்ல ஐந்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, ரெசின் பூசும் மூத்தவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், குப்பையில் கிடந்த துண்டொன்றை எடுத்து நகத்தால் கீறினார். அடுக்குகள் வாழைமடல் மாதிரிக் கழன்று வந்தன. நடுவில் ரெசின் இன்னும் பிசுபிசுத்தது. இறுக வைக்கும் மருந்து சரியாகக் கலக்கவில்லை என்று சொல்லும்போதே அவருடைய முகம் வெளிறிவிட்டது. பிறகு மெதுவாக, "தம்பி, இது ஒடஞ்சத நீங்க காணல்லையா?" என்று கேட்டார்.

படகு விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருந்தது. போன் எடுத்தேன். "ஓம் தம்பி, நல்லா ஓடுது" என்றார் படகுக்காரர் சந்தோஷமாக. வேகத்தைக் குறைத்து உடனே திரும்பச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் எஞ்சின் சத்தம் தணிவது போனில் கேட்டது.

இரண்டு மணித்தியாலம் கரையில் நின்றேன். செத்துப் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவழியாக அவரும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். படகுக்குள் எட்டிப் பார்த்தால், அடித்தட்டு ஒரு முழ நீளத்துக்கு மடிந்து வெடித்திருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது.

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "மருமகன்ட ஊர் எலுவன்குளம். வயல் செஞ்ச புள்ள, நீந்தத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

பிழையான அளவு என்று நான் ஒதுக்கிய அந்த ஐந்தும்தான் உண்மையைச் சொல்லியிருந்தன என்ற நினைப்பு, இன்றும் ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்பும் என் பேனையைப் பிடித்து நிறுத்துகிறது.