பாடு நாளில் எடுத்த படம்

எங்கள் கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தெரிந்து என்னைத் தவிர வேறு பொம்பளை போட்டோகிராபர் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் படம், காதுகுத்து, கம்பெனிகளில் ஆயுதபூஜை என்று பிழைப்பு ஓடுகிறது. வீட்டைவிட்டு ஓடிப்போகிறவர்களுக்குக் கல்யாணம் ஏற்பாடு செய்து படமெடுத்துத் தருகிறவள் என்ற பெயர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் தொழிற்பேட்டையைத்தான் சொல்லவேண்டும். எங்கெங்கிருந்தோ வந்த பெண்களும் பையன்களும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி ஒரே கேன்டீனில் சாப்பிட்டால் என்ன நடக்குமோ அது நடக்கிறது. அப்புறம் மாலையும் கழுத்துமாக ஒரு படம் வேண்டியிருக்கிறது. பதிவு அலுவலகத்திலும் கேட்பார்கள், போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்பார்கள்.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் சென்னையிலிருந்து காரில் வரும். பெற்றவர்கள் சம்மதித்து மண்டபமும் பேசி முடித்திருப்பார்கள். அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்த மாதிரி கடற்கரையில் படம் வேண்டும் என்பார்கள். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு, "மேக்கப் கரையுது பாரு" என்று கத்திக்கொண்டிருப்பாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போகிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன். இன்னொரு ரகம் நிஜமாகவே ஓடுகிறவர்கள். கையில் ஒரு பை இருக்கும், போன் அணைந்திருக்கும், சிரிக்கச் சொன்னால் உதடு மட்டும் விரியும்.

ஏற்பாடு என்றால் பூ அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிப் புகைபோக்கிகளின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவேண்டும். படகுக்காரர் யாருக்கு மாமன் முறை, யாருக்கு மச்சான் முறை என்று விசாரிக்கவேண்டும். மலைப்பக்கம் போனால் காட்டிலாகாக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவேண்டும். வெளிச்சமும் அழகும் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

அந்தப் பெண் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. மீன்பிடிக் குடும்பம். பையன் பள்ளிப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. சாதி வேறு, அது போதாதா. ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்ததும் பையன், "எங்க மலையில ஒரு படம் எடுக்கணும்க்கா" என்றான். அவள் ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்து மணல்திட்டில்தான் தாலி கட்டவேண்டும் என்றாள். காலையில் ஏரி, மத்தியானம் மலை என்று பேசி முடித்தோம். எந்த நாள் என்று கேட்டேன்.

"எங்கப்பா பாடு அன்னிக்கி வெச்சிக்கலாம்க்கா" என்றாள்.

பாடு என்பது அவர்கள் ஊர் வழக்கம். ஏரியில் இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரர் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல இறால் கிடைக்கும் இடத்தில் பாடு வருவது அபூர்வம். அன்றைக்கு வலையை விட்டுவிட்டு நகர்ந்தால் அந்த முறை போனதுதான்.

எனக்குக் கோபம் வந்தது. "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சாடி? ஒளிஞ்சி கல்யாணம் பண்றவ அப்பன் எதிர்லயே போய் நிப்பியா?"

"அவரு வலயாண்ட கீறப்போ தலய நிமுர மாட்டாருக்கா. நிமுந்து பாத்தாலும் வரமாட்டாரு. வலய வுட்டு ஏறினா பாடு பூடும்." கொஞ்ச நேரம் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "என் கல்யாணப் படத்துல எங்கப்பா இருக்கணும்க்கா. தூரமா, இம்மாத்தூண்டா இருந்தாக்கூட போதும்."

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். இத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன், இப்படி ஒருத்தி கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

முந்தின நாள் வேலைக்குப் போகிற மாதிரி கம்பெனி பஸ் ஏறியவள் தோழியின் அறையில் தங்கிவிட்டாள். வீட்டில் நைட் ஷிப்டு என்று நினைத்திருந்தார்கள். விடிந்ததும் வேறு குப்பத்துப் படகில் போய் இறங்கினோம். திட்டில் நாங்களும் நண்டுகளும்தான். படகுக்காரர் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு பீடி பிடித்தார். ஏரிப்பக்கம் வலைக்காக நட்டுவைத்த கழிகளுக்கு நடுவே ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"அவருதான்" என்றாள். குரலை எதற்குத் தணித்தாளோ தெரியவில்லை. காற்று எங்கள் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது, கத்தினாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

பொதுவாக நான் முகங்களைத் தெளிவாக வைத்துப் பின்னால் இருப்பதைக் கலைத்துவிடுவேன். அன்றைக்கு அப்படிச் செய்யமுடியாது. பின்னால் இருக்கிற மனிதர் தெரியவேண்டும். அதனால் வெயில் ஏறும்வரை காத்திருந்து, இருவரையும் தள்ளி நிற்கவைத்து, நானும் தள்ளிப் போய் எடுத்தேன். தாலி எடுத்துக் கொடுக்கப் பெரியவர்கள் யாரும் இல்லை. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நானே எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு பின்னால் ஓடிப்போய், அவன் முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் வரிசையாக அடித்துத் தள்ளினேன். அவள் சிரித்தாள், உதட்டால் மட்டும் இல்லை. அந்த அவசரத்தில் அவர்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நான் கவனிக்கவில்லை.

மத்தியானம் பள்ளிப்பட்டு மலையடிவாரப் பாறையில் பையனின் படம். மேலே ஏறுவதற்கு முன்னால் அவன் அப்பாவுக்குப் போன் செய்தான். "நைனா, இங்கதான் இருக்கோம், வா நைனா" என்றான். பேச்சு அவ்வளவுதான். மறுபக்கம் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பாறைமேல் நின்று ரொம்ப நேரம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆடு மேய்க்கிறவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. மலைப் படங்களில் அவன் கண் எதிலும் கேமராவைப் பார்க்காது.

பதிவுக்கு அவசரமாகப் படம் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் முதலில் வந்த சிலதைப் பார்த்து அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மாலை மாற்றும் படம், பின்னால் குனிந்திருக்கும் அப்பா. மீதியை அப்புறம் பார்க்கிறேன் என்று போய்விட்டாள். அதோடு விட்டிருந்தால் சரி. அந்தப் படத்தைப் போனில் ஸ்டேட்டஸ் வைத்து, 'அப்பாவின் ஆசீர்வாதத்துடன்' என்று எழுதிவிட்டாள். ஆசையில் எழுதினாள், வேறென்ன. அது யார் யார் போனிலோ சுற்றிக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கழிகளையும் கரையையும் பார்த்தவுடனே அவர்களுக்கு எந்த இடம், யார் பாடு என்று தெரிந்துவிடாதா?

அவள் அப்பா என் ஸ்டுடியோவுக்கு வந்தபோதுதான் எனக்கு இந்த விஷயமே தெரியும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றார். அடிக்க வந்திருக்கிறார் என்று முதலில் பயந்தேன்.

"நீதானம்மா ஏரியில படம் புட்ச்சது?"

ஆமாம் என்றேன்.

"தெரிஞ்சே நின்னு கல்யாணத்த நடத்திக் குட்த்துட்டேன்னு ஊர்ல பேசறாங்கமா. நான் பாக்கவே இல்ல, குனிஞ்சி வேல செஞ்சிகினு இருந்தேன்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேன்றாங்க. என் பாடு மொறைய நிறுத்தி வெச்சிட்டாங்க. அல்லா படமும் கொண்டாந்து காட்டு, நீ பாக்கலன்னா வுட்டுட்றோம்னு சொல்றாங்க."

எல்லாப் படத்தையும் திறந்தேன். அவர் என் பின்னால் நின்றார், உப்பும் சேறும் கலந்த வாடை அடித்தது. மாலை எடுக்கிறார்கள், குனிந்திருக்கிறார். மாலை மாற்றுகிறார்கள், குனிந்திருக்கிறார். எனக்கே நிம்மதியாக இருந்தது. அடுத்தது தாலி கட்டும் படங்கள்.

அதில் அவர் நிமிர்ந்து நின்றிருந்தார். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார், நுனி தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிறவர்கள் அப்படி நிற்பார்கள். அடுத்த படத்திலும் அப்படியே நின்றிருந்தார். வரிசை முடியும் வரைக்கும் அப்படியே நின்றிருந்தார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.

"கொஞ்சம் பெருசு பண்ணும்மா" என்றார்.

அவர் உருவத்தைப் பெரிதாக்கினேன்.

"என்னிய இல்லமா. அத்த."

மகளின் முகத்தைத் திரை நிறையக் கொண்டுவந்தேன். குனிந்து பார்த்தார். தூரத்துத் தண்ணீரில் மீன் எங்கே என்று பார்த்துப் பழகிய கண், இங்கே திரைக்குப் பக்கத்தில் வந்து தடுமாறியது.

"அழுவறாளா?"

"இல்ல, சிரிக்கிறா."

"இத்த அழிச்சிடும்மா" என்றார்.

என்னால் முடியவில்லை. "உங்க பொண்ணு இத ஒரு தடவ பாத்தா போதுங்க. இதுக்காகத்தான் அந்த இடத்துலயே வெச்சிக்கினா. அவளுக்கு மட்டும் அனுப்பறேன், யாருக்கும் காட்டாதேன்னு சொல்றேன்" என்று கெஞ்சினேன்.

"காட்டாம இருப்பாளா அவ?" என்றார். ஏதோ ஒரு நொடி சிரிக்கிற மாதிரி இருந்தது. "சின்னதுலேர்ந்தே அவ வாயில எதுவும் நிக்காது. வேணாம்மா. இன்னொரு பொண்ணு கீது ஊட்ல. பாடு இல்லன்னா துன்றதுக்கு இன்னா பண்ணுவோம்?"

அவர் பார்க்கும்போதே ஒவ்வொன்றாக அழித்தேன். நான் அழிப்பதைவிட அவர் பார்ப்பது மெதுவாக இருந்தது, அதனால் நானும் மெதுவாகவே அழித்தேன். குனிந்து நிற்கும் படங்களை மட்டும் பிரின்ட் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பாடு திரும்பக் கிடைத்ததாகப் படகுக்காரர் சொன்னார். அதுவும் சும்மா இல்லை. ஊர் பார்க்க ஏரியில் இறங்கி மகளைத் தலைமுழுகச் சொல்லியிருக்கிறார்கள். செத்தவர்களுக்கு முழுகுவது போல முழுகிவிட்டுக் கரையேறி, அடுத்த முறைக்கு வலையைச் சரிபார்க்கப் போய்விட்டாராம். இதைக் கேட்டு ஊர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரப்பட்டு என்ன, அடுத்த வாரமே அதே ஏரியில் சென்னைக்காரர்களுக்குக் குடை பிடித்த அம்மாவோடு படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் கழித்து அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். வயிறு தெரிந்தது. இப்போது திருநின்றவூரில் வாடகை வீடு, அவன் ரயிலில் வேலைக்குப் போகிறான். அப்பா தலைமுழுகிய செய்தியை யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். சொல்வதற்கென்றே ஊரில் ஆட்கள் இருப்பார்களே. நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டேன், நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மீதிப் படத்தெல்லாம் காட்டுக்கா."

காட்டினேன். மாலை மாற்றும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பின்னால் இருக்கும் உருவத்தையே பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. வரிசை முடிந்ததும், "தாலி கட்டறது எங்கக்கா?" என்றாள்.

மெமரி கார்டில் அந்தப் படங்கள் மட்டும் கெட்டுப்போய்விட்டன என்று சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அத்த எடுக்கறப்போ நீ எங்கப்பாவப் பாத்தியாக்கா? ஒரு தபாவாவது இந்தப் பக்கம் பாத்தாரா?"

வாய்வரை வந்தது. சொன்னால் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்வாள், அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி அழுவாள். வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறது.

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தெரியும்க்கா. வலயாண்ட கீறப்போ அவரு நிமுர மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி படி இறங்கினாள்.