மாரீஸ்வரன் எங்கே குடியிருக்கிறார்?

அக்கா வீட்டுச் சுவரில் தன்னுடைய கல்யாணப் போட்டோ தொங்குவதைப் பார்த்ததும் மாரீஸ்வரனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை நாம் இங்கேதான் குடியிருக்கிறோமோ என்று.

முந்தின நாள் சாயங்காலம் அந்தப் போட்டோவையும் இரண்டு சட்டைகளையும் ஒரு பல் பிரஷ்ஷையும் பையில் போட்டுத் தாராவியிலிருந்து சுனாபட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். அக்கா சொர்ணம்மாள் பிரஷ்ஷைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். காய்ந்த பிரஷ் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை நனைத்தும் வைத்தாள். அவள் ஒரு காரியத்தில் இறங்கினால் அரைகுறையாகச் செய்யமாட்டாள். எதிர்வீட்டுக்காரியையும் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் வந்து கேட்டாலும் என்ன சொல்லவேண்டும் என்று மூன்று தடவை ஒப்பிக்கச் செய்திருந்தாள்.

"எக்கா, இது சரியா வருமா?" என்றார் மாரீஸ்வரன்.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே முடிக்கோம். ஒரு வேலைக்கு ஒரு பொய் சொல்லக்கூடாதாக்கும்? பேசாம உக்காருலே."

உட்கார்ந்தார். வேறு வழி? வாஷியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நேர்முகத் தேர்வு இரண்டு சுற்று முடிந்து, ஒன்றாம் தேதி சேரலாம் என்று கடிதமும் வந்துவிட்டது. கடிதத்தின் கடைசி வரிதான் வம்பு. முகவரி சரிபார்க்க ஆள் வரும், அந்த அறிக்கை திருப்தியாக இருந்தால்தான் வேலை என்றிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஏனென்றால் மாரீஸ்வரன் கொடுத்திருந்த சுனாபட்டி முகவரியில் அவர் ஒரு நாளும் வசித்ததில்லை.

அவருக்கு நாற்பத்தாறு வயது. செம்பூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கிடங்கில் இருபத்தொரு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தார். முதலாளி கிடங்கைக் குஜராத்துக்கு மாற்றினார். சாமான்களைக் கூட்டிப்போனார், ஆட்களைக் கூட்டிப்போகவில்லை. அன்றிலிருந்து பதினோரு மாதம்.

முதல் ஐந்து மாதம் உள்ளதை உள்ளபடி 'தாராவி' என்று எழுதித்தான் விண்ணப்பம் போட்டார். ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. பழைய கிடங்கில் கூட இருந்த கணேசபாண்டியன்தான் ஒரு நாள் உடைத்துச் சொன்னான். "அண்ணாச்சி, மொதல்ல அட்ரஸ மாத்துங்க. தாராவின்னு பாத்த ஒடனே அடுத்த பேப்பருக்குப் போயிருதான். நான்லாம் சயான்னுதான் போடுதேன்." மாரீஸ்வரன் அக்கா முகவரியைப் போட்டார். அந்த மாதமே மூன்று அழைப்பு வந்தது. ஆள் அதே ஆள், போட்டிருந்த சட்டைகூட அதே சட்டை. இதற்கு சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

அந்தப் பதினோரு மாதமும் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது ஒரே ஒரு வைராக்கியம்தான். காலை எட்டுப் பத்துக்கு வீட்டைவிட்டு இறங்கிவிடவேண்டும். சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, பையை மாட்டி, வேலைக்குப் போகிறவன் மாதிரியே. லுங்கியோடு ஒன்பது மணியைப் பார்த்தவன் அன்றைக்கு எங்கேயும் போகமாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. காலையில் மாட்டுங்காவில் ஒரு வாசகசாலையில் உட்கார்ந்து போனிலேயே விண்ணப்பம் அனுப்புவார். மத்தியானம் மான்குர்த், வடாலா என்று கிடங்கு கிடங்காக ஏறி இறங்குவார். எல்லா நாளும் வீரமாகப் போய்விடவில்லை. ஒரு மழைநாளில் சயான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை இருந்துவிட்டு வந்தார். ஆனால் அன்றைக்கும் கிளம்பியது எட்டுப் பத்துக்குத்தான். அவர் மனைவி விஜயலட்சுமி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவாள். போகும்போது அவருடைய சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டுப் போவாள். அதைப் போடாமல் வீட்டிலிருக்க அவருக்கு மனசு வராது.

பதினொன்றரைக்கு சரிபார்க்கும் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நாலு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. இந்தியில்தான் பேசினாள். கதவைப் படமெடுத்தாள், கல்யாணப் போட்டோவைப் பார்த்தாள், ஆதாரைக் கேட்டாள். ஆதாரில் ஊர் முகவரி, வள்ளியூர்ப் பக்கம். கரண்ட் பில் அத்தான் பிச்சையா பெயரில். "சொந்த அக்கா வீடுதானே, பரவாயில்லை" என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரி ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். ஆறு வருஷமாக இங்கே இருக்கிறார், தங்கமான மனுஷர், பெரிய வேலை. பக்கத்து வீட்டிலும் அதே ஆறு வருஷம், அதே தங்கம்.

எல்லாம் முடிந்தது. அந்தப் பெண் போனை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்க அங்கிள்" என்றாள். மேலே ஒரு வரி இருந்தது: இந்த முகவரியில் நான் வசிக்கிறேன்.

மாரீஸ்வரன் விரலை நீட்டினார். விரல் அப்படியே நின்றுவிட்டது.

இருபத்தொரு வருஷத்தில் கண்ணால் பார்க்காத சரக்குக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. நாற்பது பெட்டி என்று எழுதி முப்பத்தெட்டு வந்த லாரியை, முதலாளியின் மருமகனே வந்து கத்தியும், இரண்டு மணிநேரம் வாசலில் நிறுத்தியவர். அந்தப் புத்தி இப்போதா வந்து தொலையவேண்டும்? போடு, போடு என்று மனசு அடித்துக்கொண்டது. அக்கா பின்னாலிருந்து முதுகில் இடித்தாள்.

"நான் இங்க இல்லம்மா," என்றார் இந்தியில். "தாராவியில இருக்கேன்."

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு ஏறி இறங்குகிறவள். "இல்லைன்னு எழுதிட்டுப் போயிடவா?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அறிக்கையை அனுப்பாம வெச்சிருக்கேன். கம்பெனிக்கு நீங்களே உண்மையை எழுதுங்க. அவங்க புது முகவரி கொடுத்தா வர்றேன்."

எழுதினார். ஒரு மணிநேரத்தில் வாஷியிலிருந்து போன் வந்தது. ஏன் மாற்றிக் கொடுத்தீர்கள் என்று கிடங்கின் மேனேஜர் அம்மா கேட்டாள்.

"தாராவின்னு எழுதினப்ப யாரும் கூப்பிடல மேடம்," என்றார் மாரீஸ்வரன். "நீங்களும் கூப்பிடல. போன பங்குனியிலேயே உங்களுக்கு ஒண்ணு அனுப்பியிருந்தேன்."

அந்தப் பக்கம் கணினி விசைகளைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, நாளைக்கு ஒரே ஒரு தடவை ஆள் வரும், அதிலும் ஏதாவது குழப்பம் இருந்தால் என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை மாரீஸ்வரன் ஒரு முடிவெடுத்தார். யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கப்போவதில்லை. ஒப்பித்த சாட்சியெல்லாம் போதும். பதினெட்டு வருஷமாக இருக்கிற சந்து. உண்மைக்கு ஒத்திகை எதற்கு? இதைக் கேட்ட விஜயலட்சுமி, "பக்கத்துல நுஸ்ரத்துகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லி வைங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. நல்லவனாக மாறிய முதல் நாளில் மனிதனுக்கு வருகிற திமிர் இருக்கிறதே, அது பொல்லாதது.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெரிய சாலையான நைன்ட்டி ஃபீட் ரோட்டில் போய் நின்றார். தாராவிச் சந்துக்குள் புதுசாக வருகிறவர்களுக்கு வழி தெரியாது, கூட்டிப்போகவேண்டும். பதினொன்றரை ஆயிற்று. போன் போட்டார், எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குப் போன் வந்தது.

"அங்கிள், மேப் பார்த்துப் பின்பக்கமா உங்க சந்துக்கே வந்துட்டேன். ரூம் பூட்டியிருக்கு. இங்கே உங்களை யாருக்கும் தெரியலையே!"

அப்போதுதான் மாரீஸ்வரனுக்குப் புரிந்தது. எந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு மடத்தனம் செய்தோம்! கையில் போனும் கழுத்தில் அட்டையுமாக ஒரு புது ஆள் வந்து, முழுப்பெயர் சொல்லி ஒருவனை விசாரித்தால், அந்தச் சந்தில் ஒரே பதில்தான். தெரியாது. போலீசோ, கோர்ட்டோ, பேங்கோ, எவனாயிருந்தாலும் நல்ல சேதியோடு வரமாட்டான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவரே எத்தனை பேருக்காக அப்படிச் சொல்லியிருக்கிறார்!

ஓடினார். தோல்பைக் கடைகளைத் தாண்டி, கைவண்டியில் இடித்து, திட்டு வாங்கி, நாற்பத்தாறு வயதுக்கு ஓடக்கூடாத ஓட்டம். சந்து முனையில் மளிகைக்கடை பூதத்தான் அவரைப் பார்த்ததும் கையை வீசி, "அண்ணாச்சி, உள்ள போவாதீங்க! உங்களத்தான் தேடுதா! அப்படி ஆளே இல்லன்னுட்டேன்!" என்று ரகசியமாகக் கத்தினார்.

வீட்டு வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு நுஸ்ரத், மேலப்பாளையத்துக்காரி, தைத்துக்கொண்டிருந்த பையை மடியில் போட்டபடி சரளமான இந்தியில் அளந்துகொண்டிருந்தாள். காலி செய்துவிட்டுப் போய் ஆறு மாசம் ஆகிறது, ஊரில் விவசாயம் பார்க்கிறார்கள் போல. அப்போது மாரீஸ்வரனைப் பார்த்தாள். கண்ணாலேயே 'ஓடுங்க' என்றாள். ஓடவில்லை என்றதும், "இவரு வேற ஆளு" என்றாள்.

அந்தப் பெண் திரும்பினாள். "நேத்து அங்கே இருக்கறதா எல்லாரும் சொன்னாங்க, நீங்களே இல்லைன்னீங்க. இன்னிக்கு இங்கே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க எங்கேதான் இருக்கீங்க அங்கிள்?"

"ஏம்மா நுஸ்ரத்து," என்றார் மாரீஸ்வரன், மூச்சிரைக்க. "இது போலீஸ் இல்லம்மா. வேல. வாஷியில வேல கெடச்சிருக்கு. அதுக்குக் கேக்காவ."

நுஸ்ரத் வாயில் கைவைத்தாள். "அல்லா! காலைல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா வாய் வலிச்சிருமா? இருக்காங்க, இருக்காங்க! பதினெட்டு வருஷமா இங்கதான் இருக்காங்க!"

"இப்போ அவர் சொல்லித்தானே மாத்திச் சொல்றீங்க?" என்றாள் அந்தப் பெண். நியாயம்தானே? அவள் கட்டைவிரல் போனின் மேல் நின்றது. சிவப்பில் ஒரு கட்டம், பச்சையில் ஒரு கட்டம். மாரீஸ்வரன் பூட்டைத் திறந்து காட்டினார். "சாவி யாருகிட்டயும் இருக்கும்" என்றாள். சுவரில் போட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும்தான் இருந்தது. போட்டோ சுனாபட்டியில்.

கடைசியில் அவள் மாரீஸ்வரனைப் பத்தடி தள்ளி, மீட்டர் பெட்டிகள் இருந்த சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். வாய் திறக்கக்கூடாது, திரும்பக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அவர் போய் நின்றார்.

"அவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று அவள் நுஸ்ரத்திடம் கேட்பது காதில் விழுந்தது.

மாரீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். நல்லெண்ணத்தில் இவள் ஏதாவது பெரிய வேலை என்று அவிழ்த்துவிட்டால் போச்சு. பதினோரு மாதமும் இந்தச் சுவரோடு போச்சு.

"வேலையில்ல," என்றாள் நுஸ்ரத். "தேடிக்கிட்டிருக்காங்க."

"எவ்வளவு நாளா?"

"பதினோரு மாசமா. காலைல எட்டுப் பத்துக்குச் சட்டைய மடிப்புக் கலையாமப் போட்டுட்டு எறங்கிருவாங்க. அவங்க செருப்புச் சத்தம் கேட்டாத்தான் நான் பொதுத் தண்ணிக் குழாய மூடுவேன், அதுக்கப்புறம் பூதத்தான் வீட்டு மொற. பெருநாளோ, மழையோ, பந்த்தோ, ஒரு நாள் லீவு போட்டதில்ல. வேல இருக்கிறவனெல்லாம் இந்தச் சந்துல லீவு போடுதான். இவங்க போட்டதில்ல."

அந்தப் பெண் கேள்வியை அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

"அங்கிள், திரும்புங்க. வாசல்ல நிக்கவெச்சுப் போட்டோ எடுக்கணும்."

"ஒரு நிமிஷம்மா," என்றார் மாரீஸ்வரன், சுவரைப் பார்த்தபடியே. முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் போதவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

அவள் பச்சைக் கட்டத்தை அழுத்தினாள். வாஷி கிடங்கில் அவருடைய கோப்பில் இன்றைக்கும் இருப்பது அன்று எடுத்த படம்தான். கண் சிவந்து, மூக்கு சிவந்து, கலைந்த தலையோடு வாசலில் ஒரு மனிதர். கீழே முகவரி, தாராவி.

வாஷி தூரம் என்பதால் ஒன்றாம் தேதி அவர் ஏழரைக்கே கிளம்பிவிட்டார். எட்டுப் பத்துக்குச் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்த நுஸ்ரத் குழாயை மூட மறந்துபோனாள். டிரம் நிரம்பிச் சந்தெல்லாம் தண்ணீர் ஓடியது. அதற்கெல்லாம் ஊரைக் கூட்டிச் சண்டை போடுகிற பூதத்தான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.