போர்வெல் தண்ணீரில் பதினோரு கெண்டை

போன வாரம் கடலைக் காப்பாற்ற ஒரு கூட்டம் போட்டார்கள். கம்பெனி சார்பில் என்னை அனுப்பினார்கள். ஏ.சி. அறை, சமோசா, டீ. பேசிய அதிகாரி அம்மா சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டி, கரையோரத்தில் குப்பை அள்ளினால் மட்டும் கடல் சுத்தமாகாது, தண்ணீர் புறப்படும் இடத்துக்கே போக வேண்டும் என்றார். அடையாறு கடலில் சேரும் இடத்தில் விரலை வைத்தார். விரல் மேற்கே ஏறி, மணிமங்கலம் தாண்டி, ஒரகடம் பக்கம் வந்து நின்றது. பாதி கடித்த சமோசாவைத் தட்டில் வைத்தேன். அங்கேதான் நான் முதல் வேலை பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே மழை வேறு. மழை வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

தென்காசிப் பக்கமிருந்து டிப்ளமோவோடு வந்து, முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் சேர்ந்தேன். கெமிஸ்ட் என்று ஊரில் பீற்றிக்கொண்டேன். உண்மையில் மீன் வளர்த்தேன். சுத்திகரித்த தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம், "பாருங்க, நம்ம தண்ணியில மீனே வாழுது" என்று காட்டுவதற்கு. தொட்டிக் குழாய் மட்டும் சுவருக்குப் பின்னால் போர்வெல்லோடு சேர்ந்திருந்தது. அது எனக்கும் சூப்பர்வைசருக்கும்தான் தெரியும்.

மீன் கொண்டுவருவது தேசிங்கு அண்ணன். கம்பெனியில் தோட்ட வேலை, வீடு பக்கத்துக் கிராமம். காம்பவுண்டுக்குக் கீழே இருந்த சிற்றேரியில் வலை போடுவார். வீட்டுக் குழம்புக்குப் போக நாலைந்து கெண்டை எங்கள் தொட்டிக்கு வரும். அந்த ஏரி நிரம்பினால் ஓடை, ஓடை போய் ஆறு, ஆறு போய்க் கடல். அதையெல்லாம் யார் யோசித்தார்கள்!

ஒருநாள் ஊர்க்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று கம்பெனி கேட்டுக்கு வந்தபோது, தேசிங்கு அண்ணனே முன்னால் போய் நின்றார். "நான் புட்ச்சாந்த மீனே உள்ள நீஞ்சிக்கினு கீது. தண்ணிக்கு இன்னா கொறச்சல்?" கூட்டம் கலைந்தது. சூப்பர்வைசர் என் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்ட பெருமை.

அங்கே மழைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தேங்கிய கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்க மூன்று நாள் ஆகும். மழைத்தண்ணீரோடு விட்டால் அரை மணி. ஐப்பசியில் ஒரு மத்தியானம், "மழை புடிச்சிக்கிச்சு, பைபாஸத் தொற" என்றார் சூப்பர்வைசர். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் நேரே ஏரிப் பக்கம் விடும் அந்த வால்வை இரண்டு கையாலும் திருகித் திறந்தேன்.

மறுநாள் காலை தேசிங்கு அண்ணன் சொட்டச் சொட்ட வந்து நின்றார். "ஏரில ஒண்ணு பாக்கியில்ல தம்பி, எல்லாம் மெதக்குது. நம்ம கம்பெனிதான்றானுங்க." தொட்டியை எட்டிப் பார்த்தார். பதினோரு கெண்டையும் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன. "இதுங்க உசுரோட கீது. அப்போ நம்ம தண்ணி இல்ல. இன்னா சொல்ற?"

"ஆமாண்ணே."

அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. "இதுங்கள எட்த்துக்கினு போய் ஏரில வுடுறேன், பெருகிடும்" என்று பக்கெட்டைக் கொண்டுவந்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். நான் பக்கெட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன், அவர் அள்ள வசதியாக.

இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை. சுவருக்குப் பின்னால் போய், குழாய் எங்கே போகிறது என்று நின்று பார்த்தார். அதன்பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. சார் என்றார்.

கூட்டம் முடிந்ததும் வரைபடத்துக்குப் பக்கத்தில் போனேன். அந்த ஏரி அதில் இல்லை. அங்கே இப்போது லாரிகள் நிற்கின்றன. பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டேன்.

"இங்க ஒரு ஏரி இருந்துச்சு மேடம்."

"அப்படியா? மீனெல்லாம் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. கடைசிப் பதினொண்ணுக்கு நான்தான் பக்கெட் புடிச்சேன்."