எட்டு பச்சை, ஒரு சிவப்பு

1

வலங்கைமான் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியரோடு சேர்த்து ஒன்பது ஆசிரியர்கள். புதிய இணையவழிக் கற்றல் தளத்தை அவர்களுக்குப் பழக்க நான் போன முதல் நாள், பாதி நேரம் பெயரைப் பதிவதற்கான ஓடிபிக்கே போய்விட்டது. கம்ப்யூட்டர் அறையில் சிக்னல் கிடையாது. எல்லாருடைய போனையும் சைக்கிள் ஸ்டாண்டு மதில்மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். பி.டி. சார் அங்கே நின்று மைதானக் குரலில் கத்துவார்: "நாலு, ஏழு, ஏழு, ரெண்டு. யாரோடதுன்னு தெரியல, எல்லாரும் போட்டுப் பாருங்க."

நான் இருபத்தெட்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து, பிறகு பயிற்சி கொடுக்கும் கருத்தாளராக வந்தவன். பிள்ளைகளிடம் இருந்த பொறுமை ஆசிரியர்களிடம் எனக்கு வந்ததே இல்லை. பக்கத்து ஆளிடம் பேசுவதில் எட்டாம் வகுப்பு இவர்களிடம் தோற்றுவிடும். நாலரை பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அவசரத்தில், முன்வரிசையில் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்த தமிழாசிரியை சகாயமேரியைக் காட்டி, "டீச்சர் நல்லா புரிஞ்சுக்கிட்டாங்க. சந்தேகம்னா அவங்ககிட்ட கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "கரண்ட் போச்சு, இருங்க" என்பதுகூட அந்த நோட்டில் இருந்தது.

2

ஒவ்வோர் ஆசிரியரும் தளத்தில் ஒரு பயிற்சியை முடிக்க வேண்டும். பதினோரு வீடியோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு. முடித்தவர் பெயர் பட்டியலில் பச்சையாகும். இந்தப் பள்ளியில் பெயர்கள் மளமளவென்று பச்சையானதைப் பார்த்து, போகிற கூட்டத்திலெல்லாம் மார்தட்டிக்கொண்டேன்.

கடைசித் தேதி முடிந்தது. எட்டு பச்சை, ஒரு சிவப்பு. சிவப்பு, சகாயமேரி. விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. பயிற்சியை முடிக்காததால் அந்த வருட இடமாறுதல் கலந்தாய்வுக்கு வர முடியாது என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

என் நூற்றுக்கு நூறைக் கெடுத்தது நானே கைகாட்டிய ஆள். கோபத்தோடு போனேன்.

"ஏன் டீச்சர், நீங்களே முடிக்கலன்னா மத்தவங்க எப்படி முடிச்சாங்க?"

"அவங்களுதையும் நான்தான் சார் முடிச்சேன்."

"எத்தனை பேருது?"

"எட்டு பேருதும். நீங்கதானே என்கிட்ட கேட்டுக்கச் சொன்னீங்க? எல்லாரும் பாஸ்வேர்டையே குடுத்துட்டாங்க. வீடியோவுல பேசுற அம்மா எந்த எடத்துல இருமுவாங்கங்கிறது வரைக்கும் எனக்குத் தெரியும். நம்மளுதுதானே, கடைசியா போட்டுக்கலாம்னு இருந்தேன். கடைசி நாளு சைட்டே தொறக்கல."

அவருடைய கணவரும் மகளும் வேளாங்கண்ணியில். இவர் இங்கே வாடகை அறையில் நாலு வருடமாக. "பொண்ணு ஒம்பதாவது போயிட்டா சார். நான் சனி ஞாயிறுலதான் அம்மாவா இருக்கேன்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

தலைமையாசிரியர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "விடுங்க சார், அடுத்த வருஷம் டிரான்ஸ்பர் வாங்கிக்கட்டும். இது வெளிய போனா எட்டு பேருக்கும் மெமோ. உங்களுக்குந்தான்."

அந்தக் கடைசி வார்த்தை நன்றாக உறைத்தது. ஒரு டீ குடிக்கிற நேரம், விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

3

மறுநாள் எங்கள் அதிகாரியிடம் போனேன். "அந்த எட்டு பச்சையும் ஒரே ஆள் போட்டது மேடம். சரியா பழக்காம பஸ் புடிக்க ஓடுனது நான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷத்துல நீங்க குடுத்த முதல் உண்மையான ரிப்போர்ட் இதுதான் போலருக்கு" என்றார். எட்டையும் அழிக்கச் சொல்லி, ஒன்பது பேருக்கும் இரண்டு நாள் தளத்தைத் திறந்துவிட்டார். நான் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. எனக்கு மெமோ தனியாக வந்து சேர்ந்தது.

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் சகாயமேரி முடித்துவிட்டார். வீடியோவில் அந்த அம்மாள் இருமுவதற்கு முன்பே இவர் சிரித்தார். "டீச்சர், இது எங்க இருக்கு?" என்று யாராவது கூப்பிட்டால் போதும், பழக்கதோஷத்தில் எழுந்துவிடுவார். "உக்காருங்க டீச்சர்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பி.டி. சார் ஒரே தேர்வில் நாலு முறை தோற்றார். இரண்டாம் நாள் சாயங்காலம் தலைமையாசிரியர் கடைசி ஆளாகப் பச்சையானார்.

கலந்தாய்வில் சகாயமேரிக்கு வேளாங்கண்ணிக்குப் பக்கத்திலேயே பள்ளி கிடைத்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியலை நம்பாதீர்கள். யாராவது ஒருவரை எழுப்பி, "உங்க போனை எடுத்து நீங்களே உள்ள போய்க் காட்டுங்க" என்று கேளுங்கள். நான் அதைக் கற்றுக்கொண்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

பள்ளி திறந்த வாரத்தில் தலைமையாசிரியர் போன் செய்தார்.

"சார், சகாயமேரி டீச்சரோட புது நம்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"எங்க பாஸ்வேர்டெல்லாம் அவங்க நோட்டுல இருக்கு. மறந்துடுவோம்னு, கூட உக்காந்திருந்த அந்த ரெண்டு நாள்ல நீங்க டீ குடிக்கப் போனப்பதான் சார் குடுத்து வச்சோம்."

நம்பர் என்னிடம் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வலங்கைமானுக்கு பஸ் ஏறினேன். அன்று நாலரை பஸ்ஸில் நான் திரும்பவில்லை.