இருபதாம் எண்

தக்கலையில் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பொன்னுலிங்கத்தின் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "அண்ணன் போயிட்டாரு சார். வெள்ளிக்கிழமையே எடுத்தாச்சு." எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா என்று கடைத்தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நானும் பொன்னுலிங்கமும் திருவனந்தபுரத்தில் மருத்துவ ஆராய்ச்சி முதுநிலைப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தோம். அவருடைய ஆய்வுப் பொருள் இராஜாக்கமங்கலம் கரையோரத்துக் காசநோய். நாகர்கோவிலில் அறை எடுத்து, சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்போம். நோயாளிகளோடு ஒப்பிட, நோயில்லாத இருபது பேரின் சளியும் வேண்டும். பெயர்கள் அவர் நோட்டில் இருக்கும். தகட்டில் எண் மட்டும். ஆள் யாரென்று தெரியாமல் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் அவர் மகா பிடிவாதக்காரர்.

ஒரு காலை இருபதாம் தகட்டில், நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமிகள் கூட்டமாகக் கிடந்தன. எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். "யாரு வே இந்த இருபதாம் நம்பரு? நல்லா இருக்கவன்னுல்லா கொண்டாந்தீரு. அடுத்த கோயில் கொடைக்கு ஆளு இருக்கமாட்டான்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். "அப்படியா? எழுதிக்கிடுகேன்" என்றார்.

அதன்பிறகு மேசையை ஜன்னலோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தண்ணீருக்குத் தனித் தம்ளர். ஊர்களுக்குப் போவதையும் நிறுத்தி என்னை அனுப்பினார். "பட்டம் வருமுன்னே கொம்பு முளைச்சாச்சோ வே?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் தம்ளரைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவம் படித்த நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று நோட்டை என் முன் விரித்தார். பத்தொன்பது பேர்தான் கிடைத்திருந்தார்கள். இருபதாவதாகத் தம் சளியையே வைத்திருந்தார்.

"அன்னைக்கே சொன்னா ஆஸ்பத்திரியில சேத்திருப்பேனே, பாவி!" என்று கத்தினேன்.

"வருஷக்கணக்கா படுக்கச் சொல்லுவான். பதிவும் போயிரும், வேலையும் போயிரும்." இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "அதுவுமில்லாம, எம்பேருன்னு தெரிஞ்சா நீரு மறுபடி பாத்திருப்பீரு. பாத்துட்டு, இல்லன்னு சொல்லியிருப்பீரு."

ஊசிகள் போட்டார்கள். ஆனால் நோய் முற்றிவிட்டிருந்தது. பட்டம் கிடைத்த செய்தியைக் கட்டிலருகே நின்று நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒப்பீட்டுக்கு எடுத்த இருபது பேரில் ஒருவருக்கு நோய் என்ற வரி, அவர் ஏட்டில் திருத்தப்படாமல் இருக்கிறது.

இதை வாசிக்கும், அவரை அறிந்த நீங்கள் அவருடைய நேர்மையைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சொல்லுங்கள், தகும். அன்று நான் சிரித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர் சொன்னதும் உண்மை. தெரிந்திருந்தால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, என் கண்ணை நான் நம்பக் கூடாது என்பது ஒன்றுதான்.

மூன்று வாரமாக எனக்கும் மாலையானால் காய்ச்சல் அடிக்கிறது. என் சளித் தகட்டை நானே பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. வேறொருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.